சாவு வீட்டில் தூபமா, மௌன வணக்கமா?

ஜப்பானில் கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ 1 சதவீதம்தான். அலுவலக நண்பரின் அப்பா இறந்து, எல்லோரும் கறுப்பு உடையில் பௌத்த முறை இறுதிச் சடங்குக்குப் போகும்போது, அந்த வரிசையில் கிறிஸ்தவர் ஒருவர் மட்டுமே இருப்பது சகஜம். தூபம் போடும் முறை வரும்போது அவர் என்ன செய்வது?

ஒரு வழி, மற்றவர்களைப் போல ஷோக்கோ செய்வது, அதாவது தூபம் போடுவது. தூபத்தூளை மூன்று விரலால் ஒரு சிட்டிகை எடுத்து, நெற்றிவரை உயர்த்தி, தணலில் தூவ வேண்டும். (ஜோதோ ஷின்ஷூ என்ற பௌத்தப் பிரிவினர் நெற்றிக்குக் கொண்டுபோவதில்லை.) கத்தோலிக்கர்களுக்கு இதில் தடையில்லை, இறந்தவருக்குக் காட்டும் மரியாதையாகவே திருச்சபை இதை எடுத்துக்கொள்கிறது. யாருக்கும் சங்கடமும் இல்லை.

இன்னொன்று, புராட்டஸ்டன்டுகள் பலர் செய்வது. தூளைத் தொடாமல் இறந்தவர் படத்தின் முன் தலைகுனிந்து, மனதுக்குள் ஜெபித்து, குடும்பத்தாரை வணங்கி நகர்வார்கள். துக்க வீட்டாருக்குப் பணம் வைத்துக் கொடுக்கும் உறையில் 'கோதென்' (தூபத்துக்கான காசு) என்பதற்குப் பதிலாக 'ஒஹானார்யோ', அதாவது பூவுக்கான காசு என்று எழுதுவார்கள். பின்னால் நிற்பவர்கள் கவனிக்கத்தான் செய்வார்கள்.

எனக்கு இரண்டாவது வழிதான் சரி என்று படுகிறது. உறுத்தலோடு தூவும் சிட்டிகையில் மரியாதை ஏது? ஆனால் குடும்பத்தாரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அப்புறம், வாசலில் மேசை போட்டு உறைகளை வாங்கி, பெயர் எழுதிக்கொள்ளும் வேலையைப் பல சமயம் சக ஊழியர்கள் பார்ப்பார்கள். அதற்கு முதல் ஆளாகப் போய் நிற்கலாம்.