பிளாக்பெரி பிரிவ்வா (Priv), கீ2வா (KEY2)?

யாழ்ப்பாணத்தில் பாவித்த போன் தேடுகிறீர்கள், தொடுதிரையும் வேணும் பொத்தான் கீபோர்டும் வேணும் என்றால், என் தெரிவு இந்த இரண்டுக்குள்தான்.

2015இல் வந்த பிரிவ் போனின் திரை 5.4 அங்குலம், கரைகள் வளைந்தவை, படம் பார்க்க நல்ல வடிவு. ஆனால் கீபோர்டை ஒவ்வொரு முறையும் திரையை மேலே தள்ளித்தான் திறக்க வேண்டும், திறந்ததும் மேல்பாரம் கூடிவிடுவதால் ஒரு கையால் எழுதுவது கஷ்டம். சூடாகிறது என்று வாங்கியவர்கள் பலர் அப்போதே முறையிட்டார்கள்; எங்கள் சித்திரை வெயிலில் அது சின்ன விஷயம் இல்லை.

2018இல் வந்த கீ2இல் திரை 4.5 அங்குலம்தான், வீடியோ பிரியர்களுக்குப் பிடிக்காது. ஆனால் கீபோர்ட் எப்போதும் வெளியே இருக்கும், பொத்தான்கள் இதற்கு முந்திய கீவன் (KEYone) போனை விட 20 வீதம் உயரம், ஸ்பேஸ் பொத்தானே விரல்ரேகையை வாசிக்கும், அதோடு 6 ஜிபி ரேம். இரண்டிலுமே பொத்தான்களின் மேல் விரலைத் தடவினால் பக்கம் நகரும், இந்த வசதிக்காகவே பலர் இவற்றை விடமாட்டார்கள்.

கனடாவில் இருக்கிற அண்ணாவுக்கு நீள நீளமாக மெசேஜ் எழுதுகிறவர் என்றால் யோசிக்காமல் கீ2 எடுங்கள். பற்றரி இரண்டிலும் கழற்ற முடியாதது, அதனால் காசு கொடுக்க முன் கடையிலேயே கொஞ்ச நேரம் பாவித்துப் பாருங்கள்.