ஸ்பிரிட்டா, ஸகாரமா: பாலடினுக்கு எந்தக் கேடயம்?

டயாப்லோ 2 கணினி விளையாட்டில் மந்திரச் சுத்தியல் எறிகிற பாலடின் வீரனை வளர்க்கிறவர்களுக்கு வலது கையில் பெரிய குழப்பம் கிடையாது, ஹார்ட் ஆஃப் தி ஓக் ஆயுதம் கிடைத்தால் அதோடு சரி. கேடயத்தில்தான் தகராறு. காவேரிப்பட்டணத்து மச்சானும் நானும் இரண்டு மாங்காய் சீசனாக இதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். அவன் ஹெரால்டு ஆஃப் ஸகாரம் என்ற கேடயத்தின் கட்சி, நான் ஸ்பிரிட் கேடயத்தின் கட்சி.

ஸ்கில் கணக்கில் மச்சான் ஜெயிக்கிறான், மறைக்க முடியாது. ஸகாரம் பாலடின் ஸ்கில்லுக்கு +2, அதிலேயே சண்டைப் பிரிவான காம்பாட் ஸ்கில்லுக்குத் தனியாக இன்னொரு +2 தருகிறது. சுத்தியல் எறியும் பிளெஸ்டு ஹாமர் ஸ்கில் காம்பாட்டில் இருப்பதால் மொத்தம் +4, ஸ்பிரிட்டில் வெறும் +2. நெருப்பு, குளிர், மின்னல், விஷம் ஆகியவற்றைத் தாங்கும் நாலு ரெசிஸ்டன்ஸும் 50 வேறு. ஹெல் என்ற கடைசிக் கடின நிலையில் எல்லா ரெசிஸ்டன்ஸும் 100 குறையும்போது அதன் அருமை தெரியும்.

ஆனால் ஸகாரத்தில் மந்திரம் விடுகிற காஸ்டிங் வேகம் பூஜ்யம். பாலடினுக்கு 75 வந்தால்தான் ஒரு சுத்தியல் 10 ஃப்ரேமில் (திரையில் ஓடும் படங்களின் கணக்கு) பறக்கும், 48-இல் நின்றால் 11. ஓக்கில் 40 வருகிறது, மீதியைத் தேட அவன் கையுறையில் 20, இரண்டு மோதிரத்திலும் பத்துப் பத்து என்று போட்டிருக்கிறான். அதனால் உறையாமல் காக்கிற ரேவன் ஃப்ராஸ்ட் மோதிரத்துக்கு இடமே இல்லை, பனி அடித்தால் நத்தை மாதிரி நகர்கிறான். ஸ்பிரிட்டில் 25 முதல் 35 வரை விழும். எனக்கு விழுந்தது 27, என் ராசி அப்படி, இருந்தாலும் ஒரே ஒரு மோதிரத்தோடு 77 வந்துவிட்டது.

இன்னொன்று, ஸகாரம் எப்போது விழும் என்று யாருக்கும் தெரியாது, விழுந்தாலும் லெவல் 42 வேண்டும். ஸ்பிரிட்டுக்கு டால், துல், ஆர்ட், ஆம்ன் என்ற ரூன் கற்களும், அவற்றைப் பதிக்க நாலு சாக்கெட் (ஓட்டை) உள்ள சாதாரணக் கேடயமும் போதும், லெவல் 25-லேயே மாட்டலாம். மோனார்க் என்ற கேடயத்தில் மட்டும் செய்யாதீர்கள், 156 பலம் கேட்கும். பாலடினுக்கென்றே வரும் கேடயங்களில் ரெசிஸ்டன்ஸ் 45 வரை இயல்பாகவே இருக்கும், அதன் மேல் ஸ்பிரிட் குளிர், மின்னல், விஷத்துக்கு 35 சேர்க்கும். நெருப்புக்கு ஒன்றும் சேராது, அதை வேறு எதிலாவது ஈடுகட்ட வேண்டும்.

ரூன் பதிக்கும் வரிசையை மட்டும் இரண்டு தடவை பாருங்கள். தர்மபுரியில் ஒரு ராத்திரி, கரண்ட் போய்விடுமோ என்ற அவசரத்தில் துல்லுக்கு முன்னால் ஆர்ட்டை வைத்துவிட்டேன். 45 ரெசிஸ்டன்ஸ் கேடயம், கண்ணெதிரே வெறும் ஓட்டைக் கேடயம் ஆனது. அப்புறம் ஹெல் என்ற வேறொரு ரூனையும் டவுன் போர்ட்டல் சுருளையும் கேடயத்தோடு, பொருளை மாற்றித் தரும் கியூபில் போட்டுக் கேடயத்தை மட்டும் மீட்டேன், உள்ளே இருந்த நாலு ரூனும் போச்சு.

ஸீல் என்ற வேக வெட்டு அடிக்கிற பாலடின் என்றால் நான் மச்சான் பக்கம்தான், அவனுக்குக் காஸ்டிங் வேகமே தேவையில்லை. தர்மபுரி அருங்காட்சியகத்து நடுகல் வீரர்கள் மாதிரி நேருக்கு நேர் நின்று வெட்டுகிறவன் ஸகாரத்தை எடுக்கட்டும்.

போன வாரம் அவன் ஆட்டத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சண்டைக்கு முன்னால் டபிள்யூ-வை அழுத்தி ஆயுதம் மாற்றினான். ஒரு கையில் பலம் கூட்டும் போர்முழக்கம் போட உதவுகிற கால் டு ஆர்ம்ஸ் ஆயுதம், மறு கையில் ஸ்பிரிட் கேடயம். "அது சும்மா கத்துறதுக்கு மட்டும் மச்சான்" என்கிறான்.