பறவை டாக்டர் என்று நம்பி 7,400 ரூபாய் கொடுத்தேன், எங்கள் பூந்தி போய்விட்டது

இன்று காலை எட்டு மணிக்கு ஒரு மெசேஜ் வந்தது. "உங்கள் செல்லப் பறவை இப்போது எப்படி இருக்கிறது? எங்கள் சேவைக்கு 5 ஸ்டார் கொடுங்கள்." வெள்ளிக்கிழமை மதியம் வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்த பறவையைப் பற்றிக் கேட்கிறார்கள். என் நம்பரை பிளாக் செய்துவிட்டு, வேறொரு நம்பரிலிருந்து ஸ்டார் கேட்கிறார்கள். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். இதைப் பார்த்ததும் கை நடுங்கியது, உட்கார்ந்துவிட்டேன்.

பூந்தி எங்கள் வீட்டு காக்டெயில், கொண்டை வைத்த சின்னக் கிளி. லூட்டினோ வகை, உடம்பெல்லாம் வெளிர் மஞ்சள், கன்னத்தில் மட்டும் ஆரஞ்சுப் பொட்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பறவைக் கடையில் வாங்கினோம். "ஆண் குஞ்சு மேடம், நல்லா விசில் அடிக்கும்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். அதனால் எங்களுக்கு எப்போதும் "அவன்"தான். விசில் ஒன்றும் பெரிதாக அடிக்கவில்லை. போன் செய்து கேட்டதற்கு, பழகப் பழக அடிக்கும் என்றார்கள். சரி என்று விட்டுவிட்டோம்.

போன பத்து நாளாக அவன் பீரோவுக்கு அடியில் போய் உட்காருவதும், செய்தித்தாளைக் கிழித்து மூலையில் சேர்ப்பதும், கையை நீட்டினால் சீறுவதுமாக இருந்தான். சேட்டை கூடிவிட்டது என்று என் மகள் வீடியோ கூட எடுத்தாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்து பார்த்தால் கம்பில் உட்காராமல் கூண்டின் தரையில் உட்கார்ந்திருந்தான். இறகெல்லாம் பந்து மாதிரி உப்பியிருந்தது, கண் பாதி மூடியிருந்தது, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடியது. எச்சம் வழக்கத்தைவிடப் பெரிதாக, தண்ணீராக, நாற்றத்தோடு இருந்தது. கூப்பிட்டால் கொண்டையைத் தூக்குவான், அன்றைக்குத் தூக்கவில்லை.

ராத்திரி ஒன்பது மணிக்கு எங்கே போவது என்று தெரியாமல் போனில் தேடினேன். பக்கத்தில் இருக்கிற கிளினிக்குகளில் நாய், பூனை மட்டும்தான் என்றார்கள். அப்போதுதான் குட்டிக் குட்டி வீடியோ வரும் ஒரு ஆப்பில் அந்த விளம்பரம் வந்தது. பறவைகளுக்கென்றே ஆன்லைன் டாக்டர், 24 மணி நேரமும், வீட்டுக்கே மருந்து. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் தோளில் ஆப்பிரிக்கன் கிரே கிளியோடு நிற்கிறார். வீடியோ கால் ஆலோசனைக்கு 900 ரூபாய். அனுப்பினேன்.

அந்தப் பேச்சை நான் மறக்கவே மாட்டேன். எடுத்த உடனே, "பறவை பேர் என்னக்கா?" என்று கேட்டார். பூந்தி என்றேன். "பூந்தி தங்கம், என்னடா ஆச்சு உனக்கு, இங்க பாரு" என்று போனிலேயே கொஞ்சினார். தன் வீட்டில் நாற்பது பறவை இருப்பதாகவும், ஒன்று உடம்பு சரியில்லாமல் போனால் ராத்திரி பூராவும் தூங்க மாட்டேன் என்றும் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றைக்கு முழுக்க என்னிடம் இப்படி ஒருவர் பேசியிருந்தால் வேண்டியதையெல்லாம் கொடுத்திருப்பேன், கொடுக்கவும் செய்தேன். ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டேன், "சார், உங்க ரிஜிஸ்டர் நம்பர் ஏதாவது இருக்கா?" என்று. "அதெல்லாம் நாய் பூனை பாக்குறவங்களுக்குக்கா, பறவைக்குத் தனி கோர்ஸ்" என்றார். சுத்தப் பொய். 1984-ஆம் ஆண்டு கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, படித்துப் பட்டம் வாங்கி மாநிலக் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் கால்நடை மருத்துவர் என்று வைத்தியம் பார்க்கலாம். பறவைக்கும் அதே பட்டம்தான். இதெல்லாம் எனக்கு நேற்றுதான் தெரியும்.

கேமராவில் அரை நிமிஷம் பார்த்துவிட்டு, "நெஞ்சு சளிக்கா, ஃபேன் காத்து. நம்ம கிட் ஒண்ணு இருக்கு, மூணு நாள்ல பறக்கும்" என்றார். வால் ஆடுகிறதே என்றேன், சளி என்றால் அப்படித்தான் என்றார். தரையிலேயே உட்கார்ந்திருக்கிறான் என்றேன், அசதி என்றார். எச்சத்தைப் பற்றிச் சொன்னேன், சளி வெளியே போகிறது, நல்ல அறிகுறி என்றார். நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எல்லாவற்றுக்கும் சளி என்ற ஒரே பதில்.

கிட்டுக்கு 4,800. அவசர டெலிவரிக்கும் மூன்று நாள் ஃபாலோ-அப்புக்கும் சேர்த்து 1,700. முதலில் கொடுத்த 900-த்தையும் சேர்த்தால் 7,400 ரூபாய். பணம் போன யுபிஐ கணக்கு ஏதோ ஒரு டிரேடர்ஸ் பெயரில் இருந்தது. கேட்டதற்கு, "அது நம்ம மெடிக்கல்க்கா" என்றார். புதன் காலை பத்து மணிக்குள் மருந்து கையில் இருக்கும் என்றார்.

புதன் காலை வரவில்லை. மதியமும் வரவில்லை. போன் செய்தால், "பையன் கிளம்பிட்டான்க்கா". சாயங்காலம், "மழைக்கா". அம்பத்தூரில் அன்றைக்கு ஒரு துளி மழை இல்லை. பூந்தி ஒரு தினையைக் கூடத் தொடவில்லை. வயிற்றுக்குக் கீழே கொஞ்சம் வீங்கின மாதிரி இருக்கிறதே என்று போட்டோ எடுத்து அனுப்பினேன். ஒரு வாய்ஸ் நோட் வந்தது. "அது வாயுக்கா, விரலால மெதுவா அழுத்தி விடுங்க." நான் அழுத்தினேன். இரண்டு தடவை அழுத்தினேன். அவன் கத்தின கத்தலில் கையை எடுத்துவிட்டேன். அந்த வாய்ஸ் நோட் இன்னும் என் போனில் இருக்கிறது, அழிக்க மாட்டேன், போலீஸ் கேட்டால் கொடுப்பதற்காக வைத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்குப் பார்சல் வந்தது. 7,400 ரூபாய்க்கு வந்தது என்ன தெரியுமா? ஜிப் கவரில் மஞ்சள் நிறப் பொடி, பெயர் இல்லை, தேதி இல்லை. ஒரு ஊசியில்லாத சிரிஞ்சு. லேபிளைச் சுரண்டி எடுத்த ஒரு சின்ன பாட்டில், சுரண்டியது போக மிச்சத்தில் "பிராய்ல" என்று பாதி எழுத்து தெரிகிறது. கோழிப் பண்ணையில் தண்ணீரில் கலக்கிற வைட்டமின் சொட்டு மருந்து அது. படம் எடுத்து அனுப்பி, இது என்ன சார் என்று கேட்டேன். "நம்பிக்கை இல்லன்னா ஏன் மேடம் வாங்குறீங்க" என்று பதில் வந்தது. ராத்திரி எட்டு மணிக்கு, குடிக்கவே மாட்டேன் என்கிறான், மூச்சு வாங்குகிறது என்றேன். "நீங்க சரியா குடுக்கல மேடம்." ஒன்பதரைக்கு, வேறு யாரையாவது பார்க்கவா என்று கேட்டேன். "வெளிய காட்டுனா எங்க கியாரண்டி போயிடும்." அதுதான் கடைசிப் பதில். அக்கா என்று ஆரம்பித்தவர் மேடமில் கொண்டுவந்து முடித்தார்.

ராத்திரி பூராவும் குமிழ் பல்பைக் கூண்டுக்குப் பக்கத்தில் எரியவிட்டு உட்கார்ந்திருந்தோம். என் அம்மாதான் சொன்னார், "வேப்பேரிக்குத் தூக்கிட்டுப் போடி, அங்க மாட்டுக்கே பாப்பாங்க, இதுக்குப் பாக்க மாட்டாங்களா?" 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி, எங்கள் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரம். செவ்வாய்க்கிழமை அது என் நினைவுக்கே வரவில்லை.

வெள்ளி காலை சீட்டுப் போட்டு உள்ளே போனோம். இளம் டாக்டரம்மா ஒருவர். அட்டைப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு முதலில் தொடவே இல்லை, மூச்சை மட்டும் கொஞ்ச நேரம் கவனித்தார். பிறகு துண்டால் சுற்றி எடுத்து, அடிவயிற்று இறகை வாயால் ஊதி விலக்கி, ஒரு விரல் நுனியை வைத்தார். வாலுக்கு அடியில் வெளிச்சத்தில் பார்த்தார். அங்கே மஞ்சளில் லேசாகக் கோடு கோடாக இருந்தது, மூன்று வருஷமாக நான் கவனிக்காத கோடு.

"இது பொண்ணும்மா. முட்டை அடைச்சிருக்கு."

எக்ஸ்ரேயில் முட்டை முழுசாக, வெள்ளையாகத் தெரிந்தது. ஆண் இல்லாமலே பெண் காக்டெயில் முட்டை வைக்குமாம். பீரோவுக்கு அடியில் போனது, பேப்பரைக் கிழித்தது, சீறியது எல்லாம் கூடு கட்ட இடம் தேடினது. உடம்பில் கால்சியம் போதாவிட்டால் முட்டையைத் தள்ளத் தெம்பு இருக்காது. நாங்கள் தினையும் சூரியகாந்தி விதையும் மட்டும்தான் போட்டோம், கால்சியத்துக்குக் கணவாய் மீனின் ஓடு ஒன்று கூண்டில் மாட்ட வேண்டும் என்று விற்றவர்கள் சொல்லவே இல்லை. டாக்டர் கால்சியம் ஊசி போட்டு, சூடு வைத்த பெட்டியில் வைத்தார். அழுத்தினேன் என்று சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை, "இனிமே யார் சொன்னாலும் செய்யாதீங்க, உள்ளயே உடைஞ்சிடும்" என்றார். நேற்றே வந்திருந்தால் என்று நான்தான் கேட்டேன். "வாய்ப்பு நிறைய இருந்திருக்கும்" என்றார்.

பதினொன்றே முக்காலுக்குப் பூந்தி போய்விட்டாள். மூன்று வருஷம் அவன் என்று கூப்பிட்டவளை, ஒரு மணி நேரம்தான் அவள் என்று கூப்பிட முடிந்தது.

பணத்தை விடுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் விட மாட்டேன். 7,400 ரூபாய், என் சம்பளத்தில் ஒரு வாரம். ஆனால் அதைவிட அந்த இரண்டரை நாள். முட்டை அடைத்த பறவைக்கு அந்த இரண்டரை நாள்தான் உயிர், அதைத்தான் அந்த ஆள் "பையன் கிளம்பிட்டான்", "மழை", "கியாரண்டி" என்று சொல்லிச் சொல்லித் தின்றான். அவனுக்குச் சளி எது, முட்டை எது என்று தெரியாது என்றால், தெரியாது, டாக்டரிடம் போங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 900-த்தை வைத்துக்கொண்டே சொல்லியிருக்கலாம்.

வெள்ளி சாயங்காலம் எக்ஸ்ரேயை அனுப்பினேன். ஒரே ஒரு டிக். பிளாக். விளம்பரம் வந்த ஆப்பில் புகார் கொடுத்தேன், பத்து நிமிஷத்தில் பதில், "இந்த விளம்பரம் எங்கள் விதிமுறைகளை மீறவில்லை." பணம் அனுப்பிய ஆப்பில் கேட்டால், நீங்களே ரகசிய எண் போட்டு அனுப்பியது, நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது. பேங்கில் போய் நின்றால், சைபர் கிரைமுக்குப் போங்கள். நேற்று சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அழைத்தேன், அந்த அம்மா மட்டும்தான் முழுதாகக் கேட்டார். புகார் எண் கொடுத்திருக்கிறார், அன்றைக்கே கூப்பிட்டிருந்தால் பணத்தை அந்தக் கணக்கிலேயே நிறுத்தப் பார்த்திருக்கலாம் என்றார்.

பறவை வளர்ப்பவர்களுக்கு விவரமாக எழுத வேண்டும் என்றுதான் நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரமாகச் சிலது மட்டும்.

பறவை கடைசி வரைக்கும் நோயைக் காட்டிக்கொள்ளாது. காட்டில் சோர்ந்திருப்பதைத்தான் பருந்து முதலில் தூக்கும், அதனால் மறைத்துப் பழகியது. நம் கண்ணுக்குத் தெரியும்போது ஏற்கெனவே முற்றியிருக்கும், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். தரையில் உட்கார்ந்தால், வால் மூச்சோடு ஆடினால், இறகை உப்பிக்கொண்டே இருந்தால் அன்றைக்கே கிளம்புங்கள். எச்சத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய பகுதி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினாலும் அப்படித்தான். மாவு நிறுக்கிற சின்ன டிஜிட்டல் தராசில் வாரம் ஒரு தடவை எடை போட்டு எழுதி வையுங்கள், இறகு இளைப்பை மறைத்துவிடும், கிராம் மறைக்காது. டாக்டரிடம் போகும் வரை கதகதப்பாக, இருட்டாக வையுங்கள். வயிற்றை அழுத்தாதீர்கள். கடையில் கொடுக்கும் மஞ்சள் நிறப் பொடியைத் தண்ணீரில் கலக்காதீர்கள், நோயில் கிடக்கிற பறவை அந்தத் தண்ணீரைக் குடிக்கவே குடிக்காது. பதிவு எண் கேளுங்கள், மழுப்பினால் போனை வையுங்கள். பறவை நன்றாக இருக்கும்போதே, பறவை பார்க்கும் டாக்டர் எங்கே இருக்கிறார் என்று கேட்டு எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டி வையுங்கள்.

இதே கிட்டை, இதே சுரண்டின பாட்டிலை வாங்கினவர்கள் யாராவது இருந்தால் 1930-இல் நீங்களும் புகார் கொடுங்கள், என் ஒருத்தியின் 7,400 ரூபாய்க்காக யாரும் அவனைத் தேட மாட்டார்கள். பாட்டிலையும் கவரையும் தூக்கிப் போடாதீர்கள், நான் என்னுடையதை அப்படியே ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.