ஐப்பசி மழைக்கு எந்த மா: ஒட்டா, கொட்டையா?

நல்ல மாமரத்தின் குச்சியை வேறொரு நாற்றில் ஒட்டி வளர்த்த ஒட்டுக்கன்று, அந்தத் தாய்மரத்தின் ருசியை அப்படியே தரும்; 3, 4 வருடத்தில் காய்ப்புக்கு வரும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்குள் 3 அடிக் குழி எடுத்து, மக்கிய தொழுவுரமும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி வையுங்கள். நடும்போது ஒட்டுத் தழும்பு மண்ணுக்கு மேலேயே நிற்கட்டும். அதற்குக் கீழே செம்பு நிறத் துளிர் எட்டிப் பார்த்தால் அன்றே கிள்ளிவிடுங்கள். விட்டால் அதுதான் மரமாகும், ஒட்டு காய்ந்துபோகும். அந்தச் சின்னத் துளிரைக் கவனிக்காமல் எத்தனை நல்ல கன்றுகள் வீணாகின்றன!

கொட்டையை ஆனியிலேயே, பழம் தின்ற கையோடு போட வேண்டும், உலர்ந்தால் முளைக்காது. காய்க்க 7, 8 வருடமாவது ஆகும், ருசிக்கும் உத்தரவாதமில்லை. ஆனால் இடம் மாற்றாமல் வளர்ந்த ஆணிவேர் வறட்சியைத் தாங்கும். கிணற்றோரம் ஒட்டு, தண்ணீர் எட்டாத வேலியோரம் கொட்டை என்பதே என் தேர்வு.