டார்ஜிலிங் பெட்டிக்குத் தேக்கா, ஸ்டைரீனா?

ஒரே ரயில் பெட்டியின் மாதிரியை நான் இருமுறை கட்டியிருக்கிறேன். முதலில் ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் தகட்டில், பிறகு பர்மா தேக்கில். இரண்டுமே 1:19 அளவு, அதாவது ஓரடிக்கு 16 மி.மீ. 1881இல் ஓடத் தொடங்கிய டார்ஜிலிங் மலை ரயில் பாதையின் 610 மி.மீ. தண்டவாள அகலம் இந்த அளவில் 32 மி.மீ. ஆகிவிடுவதால், கடையில் விற்கும் 32 மி.மீ. தண்டவாளத்திலேயே பெட்டி ஓடும். காரைக்குடிக்காரன் தன் ஊரில் ஓடிய மீட்டர் கேஜ் பெட்டியை விட்டுவிட்டு மலைக்குப் போவானேன் என்று வீட்டில் கேட்டார்கள். 1000 மி.மீ. அகலத்தை 1:19இல் சுருக்கினால் ஏறக்குறைய 52.6 மி.மீ. வரும், அந்த அகலத்துக்குத் தண்டவாளத்தையும் நானே செய்ய வேண்டியிருக்கும்.

வேலை எளிது என்று பார்த்தால் ஸ்டைரீன்தான். கத்தியால் கோடு கிழித்து மடக்கினால் நேராக ஒடிகிறது, கரைப்பானைத் தொட்டு வைத்தால் சில நிமிடங்களில் ஒட்டிக்கொள்கிறது, பெயின்டும் வழவழப்பாக ஏறுகிறது. இதில் சொல்ல வேறொன்றும் இல்லை.

தேக்கு அப்படி வசப்படாது. முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடை ஒன்றில், இடித்த வீட்டிலிருந்து வந்த சன்னல் சட்டத்துண்டு ஒன்றை வாங்கி, ஆசாரியிடம் கொடுத்து 2 மி.மீ. கனத்துக்கு அறுத்து இழைத்து வாங்கினேன். தேக்கிலுள்ள மணற்சத்து கத்தி முனையைச் சீக்கிரமே மழுக்கிவிடுகிறது. அதன் எண்ணெய்ப்பசையைத் தின்னரால் துடைத்த கையோடு ஒட்டாவிட்டால் பெவிகாலும் பிடிப்பதில்லை. சன்னல்களுக்கு இடைப்பட்ட தூண்கள் இரண்டரை மி.மீ. அகலம்தான், பக்கச்சுவர் முழுவதையும் ஒரே பலகையில் வெட்டியபோது, மரத்தின் ரேகை படுக்கைவாட்டில் ஓடியதால், உப்புத்தாள் பட்டதுமே மூன்று தூண்கள் பட்டென்று முறிந்தன. அதன் பிறகுதான், தேக்கில் பெட்டி கட்டிய பழைய ரயில் தச்சர்களைப் போலவே, ரேகை நெட்டுக்குத்தாக நிற்கும்படி தூண்களைத் தனித்தனியே நிறுத்திச் சட்டம் கட்டி, அதன்மேல் வெளிப்பலகையைப் பதித்தேன். ஸ்டைரீனில் இந்தப் பாடம் கிடைத்திருக்காது. அதற்கு ரேகையே கிடையாதே.

ஆனாலும் நான் தேக்கின் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் அழகல்ல, பழுது பார்க்கும் வசதி. எங்கள் வீட்டில் மாதிரிகள் உள்முற்றமான வளவை ஒட்டிய தாழ்வாரத்தில் இருக்கின்றன. கத்திரி வெயில் நாட்களில் முற்பகல் முழுவதும் அங்கே சூடு தங்கும். ஸ்டைரீன் பெட்டியின் கூரையை இரண்டு தகடுகளைச் சேர்த்து ஒட்டிச் செய்திருந்தேன். கரைப்பானின் ஆவி வெளியேற நடுவில் துளை விடாதது என் தவறு. இரண்டாவது கோடையில் கூரை நடுவில் 3 மி.மீ. உப்பி நின்றது. கழற்றிச் சரிசெய்யலாம் என்றால், கரைப்பான் ஒட்டுவதில்லை, இரு தகடுகளையும் உருக்கி ஒன்றாக்கிவிடுகிறது; பிரிப்பதற்கு அங்கே இணைப்பு என்ற ஒன்றே இல்லை. கத்தியை நுழைத்து நெம்பியபோது கூரையோடு பக்கச்சுவரின் மேல்விளிம்பும் கிழிந்து வந்தது. தேக்குப் பெட்டியிலோ கூரையை நான்கு பித்தளைத் திருகாணிகள் மட்டுமே பிடித்திருக்கின்றன. சென்ற ஆண்டு என் தம்பி மகன் அதைக் கீழே போட்டுவிட்டபோது ஒரு தூணும் ஒரு படியும் உடைந்தன. கூரையைக் கழற்றி, கெட்டில் ஆவியைக் காட்டிப் பசையை இளக்கி, அதே சன்னல் சட்டத்தின் மிச்சத்திலிருந்து புதுத்துண்டு வைக்க ஒரு மாலைப்பொழுதே போதுமானதாயிருந்தது.

“பழைய தேக்கு இனி அசையாது தம்பி, அசையுறதெல்லாம் எப்பவோ அசைஞ்சு முடிச்சிருச்சு” என்றார் ஆசாரி. அது முழு உண்மையில்லை: கார்த்திகை ஈரத்தில் என் பெட்டியின் கதவு இறுகுகிறது, தையில் தளர்கிறது. மரம் ரேகைக்குக் குறுக்கேதான் விரியும், நீளவாட்டில் அனேகமாக விரியாது என்பதால், பெட்டியின் நீளம் மாறவில்லை; தரைப்பலகைகளுக்கிடையே மயிரிழை இடைவெளி விட்டிருந்ததால் தரையும் உப்பவில்லை. ஆனால் இந்தப் பெட்டி இதுவரை கண்டது இரண்டு மழைக்காலம்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முப்பரிமாண அச்சு பற்றி எனக்கு அனுபவம் குறைவு. நண்பர் ஒருவர் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் இழையில் அச்சிட்டுத் தந்த இருக்கை வரிசையைச் சித்திரை மாதத்தில் பூட்டிய காருக்குள் விட்டுவிட்டேன்; 60 டிகிரிக்கு அருகிலேயே இளகும் பொருள் அது, மாலையில் இருக்கைகள் பின்னோக்கிச் சாய்ந்து கிடந்தன. பிசின் வகை அச்சை நான் தொட்டதில்லை.

ஸ்டைரீனை அடியோடு விட்டுவிடவும் இல்லை. சக்கர அச்சுப்பெட்டியின் மூடி, ரிவெட் தலை போன்ற இரும்பு உறுப்புகளைத் தேக்கில் செதுக்கினால் ரேகை காட்டிக்கொடுத்துவிடும். தேக்குப் பெட்டியின் அடியிலும் அவற்றை ஸ்டைரீனில்தான் செய்திருக்கிறேன். ஆனால் ஒட்டவில்லை, ஒவ்வொன்றையும் ஊசிமுனைத் திருகாணியால் பிணைத்திருக்கிறேன்.