எந்தக் கர்ண மோட்சம்? களம், மேடை, கேசட், செல்போன்

வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலைப் பக்கம், அதாவது பழைய வட ஆற்காட்டில், பங்குனி பிறந்து ஆடி முடியும்வரை எங்காவது ஓர் ஊரில் மகாபாரத அக்னி வசந்த விழா நடந்துகொண்டுதான் இருக்கும். மதியம் பாரதச் சொற்பொழிவு, இரவு கூத்து. கடைசி நாள் படுகளமும் தீமிதியும். அந்த இரவுகளில் ஒன்று, கர்ணனின் சாவைச் சொல்லும் கர்ண மோட்சம் கூத்துக்கு. விழா இல்லாத நாட்களிலும் அதற்கு வேலை உண்டு. கருமாதி வீட்டில் கூத்து வைத்தால் பெரும்பாலும் கேட்பது இதைத்தான்.

இதே கதை இன்று பல உருவங்களில் கிடைக்கிறது: ஊர்க்களத்தில் விடிய விடிய ஆடுவது, அரங்க மேடையில் இரண்டு மணி நேரத்துக்குச் சுருக்கியது, கீபோர்டு வைத்த நாடக செட் போடுவது, பழைய கேசட், யூடியூபில் ஏறும் செல்போன் பதிவு. புதிதாகப் பார்க்க வருகிறவர் முதல் பாடம் படிக்கும் பிள்ளைகள்வரை எல்லோரும் கேட்பது, எதை எடுப்பது என்று. பதிவின் தெளிவைப் பார்த்து முடிவெடுத்தால் தவறிப்போகும். எதை வெட்டியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

மூன்று இடங்களைச் சோதித்தால் போதும். கர்ணனின் திரைப் பிரவேசம், மனைவி பொன்னுருவியோடு நடக்கும் தர்க்கம், கண்ணன் கிழப் பிராமணனாக வந்து தானம் கேட்கும் கட்டம். ஜமாவுக்கு ஜமா, அதாவது கூத்துக் குழுவுக்குக் குழு, காட்சி வரிசை கொஞ்சம் மாறும், வசனம் நிறையவே மாறும். இந்த மூன்றும் எல்லோரிடமும் இருக்கும்.

பிரவேசத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தால் அதன் கட்டுமானம் புரியும். ஆளுக்கொரு முனையாக இரண்டு பேர் திரையைப் பிடிக்கிறார்கள். பின்னால் சலங்கை ஒரு தரம் உதறுகிறது. துணிக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் தெரிகிறது, அதில் பதித்த கண்ணாடித் துண்டு விளக்கில் மின்னுகிறது. கீழே கால்கள். முதல் விருத்தம் திரைக்குப் பின்னாலிருந்தே வரும். அதற்குத் தாளம் கிடையாது, முகவீணை என்ற சின்ன ஊதுகுழல் குரலை ஒட்டியே போகும். பிறகு தரு, தாளத்தோடு வரும் பாட்டு. வேஷக்காரர் ஓர் அடியைப் பாட, பின்பாட்டுக்காரர்கள் அதே அடியை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். அந்த நேரத்தில் அவர் அடவு போடுவார், கிறுக்கி சுற்றுவார், மூச்சு வாங்குவார்.

அந்த மூச்சு வாங்கும் இடம் முக்கியம். புஜக்கட்டையும் மார்புக்கட்டையும் கிரீடமும் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கியவை. இவற்றைத்தான் கட்டை என்பார்கள். மரம் இலேசுதான். ஆனால் ஆடும்போது நழுவாமலிருக்கக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவதால் நெஞ்சு விரிய இடம் குறைந்துவிடும். பின்பாட்டு திருப்பிப் பாடாவிட்டால் மேல் ஸ்தாயியில் அடுத்த அடியை எடுக்கவே முடியாது. பார்க்கிறவருக்கு 'அதையே ஏன் நாலு தரம் பாடுகிறார்கள்' என்று தோன்றும். ஆட்டம் நிற்பதே அந்த நாலு தரத்தின் மேல்தான்.

களத்தில் பார்ப்பது

இரவு பத்து மணியை ஒட்டி மேளக்கட்டு தொடங்கும். மிருதங்கம், டோலக், கைத்தாளம், ஹார்மோனியம், ஆள் கிடைத்தால் முகவீணை. அப்புறம் கடவுள் துதி, கோமாளியும் அறிவிப்பாளனுமான கட்டியங்காரன் வருகை. கட்டை வேஷம் களத்துக்கு வரவே நடுநிசி நெருங்கிவிடலாம். நேரம் இல்லாதவர்கள் பதினொன்றரைக்கு வந்தால் பெரிய நஷ்டமில்லை, ஆனால் இரண்டு மணிக்கு எழுந்து போகக் கூடாது. பொன்னுருவி தர்க்கம் பின்னிரவில்தான் வரும்.

கர்ணன் மறுநாள் போருக்குப் போகிறவன், மனைவியிடம் விடைபெற வருகிறான். அவள் பிறப்பைச் சொல்லி அவனை இழிவாகப் பேசுகிறாள். அவன் தன் பிறப்பின் உண்மையை வெளியிடுகிறான். பேச்சும் தருவும் மாறி மாறி ஏறும். கர்ணன் வேஷக்காரருக்கு இணையாகப் பெண்வேஷக்காரர் நின்றால்தான் இந்தக் காட்சி எழும். இது இரு பக்கமும் விட்டுக்கொடுக்காத சண்டை. நல்ல ஜமாவில் இது ஒரு மணி நேரத்தைத் தாண்டினாலும் கூட்டம் அசையாது. முன்வரிசையில் இருக்கும் பெண்கள் பொன்னுருவிக்கும் கர்ணனுக்குமாகக் கட்சி பிரிவதைக் காது கொடுத்துக் கேட்கலாம்.

பாரத விழாக் களத்துக்கும் கருமாதி வீட்டுக்கும் வேறுபாடு உண்டு. விழாவில் போருக்கும் தேரோட்டும் சல்லியனுக்கும் கர்ணனுக்குமான வாக்குவாதத்துக்கும் இடம் அதிகம். துக்க வீட்டில் கனம் கடைசிப் பகுதிக்குப் போய்விடும். செய்த தர்மத்தின் பலன் முழுவதையும் குருதியால் தாரை வார்த்துக் கொடுக்கும்போது, இறந்தவருக்கும் சேர்த்துத்தான் அந்த மோட்சம் என்று வீட்டார் உட்கார்ந்திருப்பார்கள். கட்டியங்காரன் சிரிப்புக் காட்டும் அளவும் அதற்கேற்பக் குறையும். கதையின் பொருளைத் தெரிந்துகொள்ள எனக்கு இதற்கு மேல் ஓர் இடம் தெரியவில்லை.

களத்தின் குறை ஒலியில். ஆடுகிறவர் கையில் மைக் பிடிக்க முடியாது என்பதால் மேலே குறுக்குக் கழியிலிருந்து இரண்டு மூன்று மைக்கைத் தொங்கவிடுவார்கள். வேஷக்காரர் சுற்றி வந்து பின்பக்கம் போனால் குரல் விழுந்துவிடும். ஒலியை ஏற்றினால் ஊளையிடும். மைக்குக்கு நேர் பின்னால் மிருதங்கம் இருந்தால் வசனத்தில் பாதி அடியில் போய்விடும். அதனால் ஸ்பீக்கர் பக்கம் உட்கார வேண்டாம். மூன்று பக்கமும் ஜனம் உட்காரும் களத்தில், பக்கவாட்டில் முதல் இரண்டு வரிசைக்குள் இடம் பிடித்தால் மைக் இல்லாமலே குரல் கேட்கும், கால் அடவும் தெரியும்.

மேடைச் சுருக்கம்

செய்யாற்று வட்டாரத்துப் புரிசையும் பெருங்கட்டூரும் கூத்தை நகர மேடைக்குக் கொண்டுபோனதில் முன்னால் நின்ற ஊர்கள். ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறையோடு புரிசைக் கண்ணப்பத் தம்பிரான் சேர்ந்து வேலை செய்தார். பெருங்கட்டூர் பெ. ராஜகோபால் 1990இல் உருவான கட்டைக்கூத்துச் சங்கத்தின் வழியே இளம் தலைமுறைக்கும் பெண்பிள்ளைகளுக்கும் பயிற்சி கொடுத்தார். இவர்கள் கைபட்ட மேடைச் சுருக்கத்துக்கும், கலைவிழாவுக்காக அவசரமாக வெட்டியதற்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம்.

எட்டு மணி நேரத்தை இரண்டாக்கும்போது முதலில் போவது மேளக்கட்டும் கட்டியங்காரனும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். அடுத்து கை வைப்பது பின்பாட்டின் மேல். அங்கேதான் கெடுகிறது. திருப்பிப் பாடுவதை ஒரு தரமாகக் குறைத்தால் அடவுக்கு நேரமில்லை, வேஷக்காரர் நின்ற இடத்தில் நின்று பாடிவிட்டுப் போவார், கட்டை வெறும் அலங்காரமாகிவிடும். இதைவிட இரண்டு காட்சியை முழுதாக எடுத்துவிட்டு மீதியை அதன் நடையில் ஆடுவது மேல். பிரவேசம், பொன்னுருவி, தானம் என்று மூன்றை மட்டும் ஆடினாலும் இரண்டு மணி நேரம் நிறைந்துவிடும்.

முதல் தரம் பார்க்கிற நகரத்துக்காரருக்கு நல்ல மேடைச் சுருக்கம் சரியான வாசல். வசனம் தெளிவாகக் கேட்கும், முகத்தில் எழுதிய அரிதாரம் நன்றாகத் தெரியும். ஒன்று மட்டும் கிடைக்காது. களத்தில் கர்ணன் சாய்வது விடியலை ஒட்டி. சூரியன் மகன் உயிர் விடும்போது கிழக்கு வெளுக்கும். எந்த விளக்குக்காரராலும் அதைப் போட்டுக் காட்ட முடியாது.

நாடக செட்டைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஜிகினா உடை, வரைந்த சீன், கீபோர்டு, ரிதம் பேட். பேச்சு புரியும், பாட்டு சினிமா மெட்டில் சட்டென்று ஒட்டும். ஆனால் ரிதத்தை ஓடவிட்டு அதன்மேல் விருத்தம் பாடும்போது, நின்று நீள வேண்டிய சொல் தாளத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. கதை மட்டும் போதும் என்றால் இது போதும்.

கேசட்

கேசட்டின் பலம் சொல். ஸ்டுடியோவில் உட்கார்ந்து பாடியதால் விருத்தத்தின் ஒவ்வொரு எழுத்தும் விழும். பெரிய எழுத்துக் கர்ண மோட்சம் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டால், அச்சில் இருப்பதிலிருந்து வாத்தியார் எங்கே விலகுகிறார் என்பதும் பிடிபடும். பாடம் பண்ணுகிறவருக்கு இதைவிட நல்ல துணை கிடையாது.

பலவீனமும் அங்கேயேதான். 60 நிமிட நாடாவில் ஒரு பக்கம் 30 நிமிடம். தரு அதற்குள் முடிய வேண்டும் என்று பின்பாட்டைக் குறைத்திருப்பார்கள். சலங்கை ஒலி இருக்காது. கட்டை கட்டாத நெஞ்சிலிருந்து வருவதால் குரல் சுகமாக இருக்கும், அந்தச் சுகத்தைப் பார்த்து ஆட்டத்துக்கும் அதே வேகம் என்று எடுத்துக்கொண்டால் களத்தில் இரண்டாவது தருவிலேயே மூச்சு முட்டும்.

கேசட்டிலிருந்து கணினிக்கு ஏற்றிய பதிவுகளில் சுருதியை நம்பக் கூடாது. நாடா ஓட வேண்டிய வேகம் வினாடிக்கு 4.76 செ.மீ. பெல்ட் தளர்ந்த டெக்கில் மெதுவாக ஓடும், வேகம் 6 சதவீதம் குறைந்தால் சுருதி அரைக் கட்டை இறங்கிவிடும். சோதனை எளிது. ஹார்மோனியத்தின் ஷட்ஜத்தை செல்போன் டியூனரில் பிடியுங்கள். இரண்டு சுரக்கட்டைக்கு நடுவில் நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டெக்கை. ஆடாசிட்டி மென்பொருளில் வேகத்தை மாற்றிச் சரிசெய்யுங்கள். சுருதியை மட்டும் மாற்றும் வசதியைத் தொட வேண்டாம், காலப்பிரமாணம், அதாவது பாட்டின் நடைவேகம், தவறாகவே நின்றுவிடும்.

சொந்தமாக ஏற்றுகிறவர்கள் முதலில் டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட்டைப் பஞ்சில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துக் காயவிடுங்கள். ஒலி மந்தமாக இருந்தால் ஹெட்டின் ஓரத்துச் சின்ன ஸ்க்ரூவை இம்மி இம்மியாகத் திருப்பி, கைத்தாளத்தின் 'ச்சிங்' கூர்மையாக வரும் இடத்தில் நிறுத்துங்கள். 90 நிமிட நாடா மெல்லியது, உருளையில் சுற்றிக்கொள்ளும். ஓட்டும் முன் ஒரு தரம் முழுவதும் முன்னும் பின்னும் சுற்றிவிடுவது நல்லது.

செல்போன் பதிவு

என் தேர்வு இதுதான், அதன் அத்தனை அசிங்கத்தோடும். யாரோ ஒருவர் நடுவில் எழுந்து மறைப்பார், குழந்தை அழும், பக்கத்துக் கடையில் போண்டா பொரியும் சத்தம் கேட்கும். ஆனால் முழு இரவு இருக்கிறது. பின்பாட்டு குறையவில்லை, பொன்னுருவி தர்க்கம் முழுதாக இருக்கிறது. பளபளவென்று மூன்று கேமராவில் எடுத்து ஒன்றரை மணி நேரமாகத் தொகுத்த வீடியோவை விட, அசையாமல் ஒரே இடத்திலிருந்து ஏழு மணி நேரம் எடுத்தது எனக்குப் பெரிது. தொகுப்பவர்கள் கிறுக்கி சுற்றும்போது முகத்தை நெருக்கிக் காட்டுகிறார்கள், கால் போய்விடுகிறது.

பதிவு செய்யப்போகிறவர்களுக்குச் சில கணக்குகள். செல்போன் தானாக ஒலி அளவை ஏற்றி இறக்கும். கைத்தாளம் பலமாக விழுந்தால் மொத்த ஒலியையும் அமுக்கும், அடுத்து வரும் சொல் காணாமல் போகும். தனி ஒலிப்பதிவுக் கருவி இருந்தால் அந்தத் தானியங்கியை அணைத்துவிட்டு, மேளக்கட்டின் உச்சத்தில் முள் -12 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள். மேளக்கட்டே அதற்கான ஒத்திகை, இரவு முழுவதும் அதைவிடச் சத்தம் வருவது அபூர்வம்.

ஸ்டீரியோ வேவ் கோப்பு, 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் என்று வைத்தால் ஏறத்தாழ 6 மணி 45 நிமிடத்தில் 4 ஜிபியைத் தொடும். சில கருவிகள் புதுக் கோப்பு திறக்கும், சில நின்றுவிடும். பத்து மணிக்குத் தொடங்கினால் அது ஐந்து மணிக்குக் கால் மணி முன்னால், கர்ணன் அடிபட்டுக் கிடக்கும் நேரம். மோனோவில் வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை, கூத்துக்கு அது தாராளம். வீடியோ என்றால் நிமிடத்துக்குச் சுமார் 130 எம்பி, மணிக்கு எட்டு ஜிபி வரை தின்னும். மெமரி கார்டை எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்திருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். பழைய ஃபேட்32 என்றால் ஒவ்வொரு 4 ஜிபிக்கும் கோப்பு முறியும், முறியும் இடத்தில் ஓர் அடி போகும்.

கருவியை ஸ்பீக்கருக்கு முன்னால் வைக்காதீர்கள். களத்தின் முன்விளிம்பிலிருந்து ஆறு முதல் எட்டு அடி தள்ளி, ஹார்மோனியம் இல்லாத பக்கமாக, ஆள் உட்கார்ந்தால் தலைக்கு மேல் நிற்கும் உயரத்தில் வையுங்கள். ஜமா வாத்தியாரிடம் அரிதாரம் பூசும் முன்பே அனுமதி கேட்டுவிடுங்கள். பாதியில் கேட்டால் யாருக்கும் பதில் சொல்ல நேரமிருக்காது. யூடியூபில் போடுவதானால் அதையும் சேர்த்தே சொல்லுங்கள், ஜமாவின் பெயரையும் ஊரையும் தலைப்பிலேயே எழுதுங்கள்.

இன்னொன்று. கடைசியில் குந்தி வந்து மகனை மடியில் கிடத்திப் புலம்புவாள். இருவரும் தரையில் இருப்பார்கள், மைக் ஆறடிக்கு மேலே தொங்கும். கிடைக்கும் பதிவுகளில் பலவற்றில் இந்தப் புலம்பல் முணுமுணுப்பாகத்தான் இருக்கிறது. கண்ணன் தானம் வாங்கித் திரும்பும்போதே எழுந்துபோய், கருவியைக் களத்தின் ஓரத்தில் தரையோடு வைத்துவிட்டு வாருங்கள்.