இன்சூரன்ஸ் உத்தரவாதக் கடிதம் (ஜி.எல்.) வந்துவிட்டது என்று அறையை மாற்றிக்கொள்ளாதீர்கள்

மலேசியாவின் ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் மருத்துவமனை. பித்தப்பைக் கல் எடுக்கப் போன ஒரு பெண்மணியின் குடும்பம் பட்ட பாடு இது. அட்மிஷன் கவுண்டரில், "ரெண்டு பேர் ரூம் காலி இல்லைங்கக்கா, சிங்கிள்தான் இருக்கு. ஒரு நாளைக்கு 180 ரிங்கிட்தான் கூட. மெடிக்கல் கார்டு இருக்கே, பயப்படாதீங்க" என்றார்கள். நீட்டிய பாரங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. மூன்று இரவு. டிஸ்சார்ஜ் அன்று கையிலிருந்து கட்டச் சொன்னது 540 ரிங்கிட் அல்ல, 3,840.

இதில் கூட்டல் பிழை இல்லை. பாலிசியில் 'ரூம் அண்ட் போர்ட்', அதாவது ஒரு நாள் அறைக்கும் சாப்பாட்டுக்குமான வரம்பு, 200 ரிங்கிட். அதைவிட விலை கூடிய அறையில் படுத்தால், அறை வித்தியாசத்தோடு மற்ற செலவுகளிலும் 20 விழுக்காட்டை நோயாளியே ஏற்க வேண்டும் என்ற நிபந்தனை பல மெடிக்கல் கார்டுகளில் (மருத்துவ இன்சூரன்ஸ்) உண்டு. மற்ற செலவு 16,500. அதில் 20 விழுக்காடு 3,300. அறை வித்தியாசம் 540. தினமும் இந்த பில்களைப் பார்க்கும் கவுண்டருக்கு இது தெரியாமல் இருக்காது. சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அறை இல்லை என்றால் அங்கேயே நின்று இன்சூரன்ஸ் ஹாட்லைனுக்கு அழையுங்கள். கேட்க வேண்டியது ஒன்றுதான்: "இந்த அறைக்குப் போனால் மொத்த பில்லில் என் பங்கு எவ்வளவு?" பதிலை வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ வாங்கிக்கொள்ளுங்கள். அவசரமில்லாத அறுவை என்றால் தேதியைத் தள்ளிப்போடவும் கேட்கலாம். முதலில் வரும் ஜி.எல். முழுத் தொகைக்கான உத்தரவாதம் அல்ல. கடைசிக் கணக்கு டிஸ்சார்ஜ் அன்றுதான் வரும்.

அடுத்த ஓட்டை எஸ்டிமேட். டாக்டர் கட்டணத்துக்குத் தனியார் மருத்துவமனைகளுக்கான 2006 ஆம் ஆண்டு விதிமுறைகளின் 13 ஆவது அட்டவணையில் உச்சவரம்பு உண்டு. கையுறை, ஊசி, மருந்து, அறுவைக்கூடச் சாமான்களுக்கு அப்படி ஒரு வரம்பு இல்லை. அதனால் "டாக்டர் பீஸ்ல டிஸ்கவுண்ட்" என்று கேட்டு மயங்க வேண்டாம்; பில் வீங்குவது வேறு இடத்தில். சிகிச்சைக்கு முன் செலவு மதிப்பீடு கேட்டால் தர வேண்டும், கேட்டால் பொருள்வாரி பில்லும் தர வேண்டும் என்று அதே விதிமுறைகள் சொல்கின்றன. ஒரு பக்கச் சுருக்கத்தை நீட்டினால் காசு கட்டுமுன் விவரப் பில் கேளுங்கள். திறக்காத மருந்துப் பெட்டி, ஒரே நாளில் இருமுறை பதிந்த டிரெஸிங் செட், வராத டாக்டரின் வார்டு விசிட் எல்லாம் அதில்தான் தெரியும். வீட்டுக்குக் கொண்டுபோகும் மாத்திரைகளுக்குச் சீட்டு மட்டும் வாங்கி வெளி ஃபார்மசியில் விலை பாருங்கள். 2025 மே 1 முதல் தனியார் மருத்துவமனைகளும் கிளினிக்குகளும் மருந்து விலையைக் காட்சிப்படுத்த வேண்டும்.

அரசு ஆஸ்பத்திரி என்றால் முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குடிமக்களுக்கு மூன்றாம் வகுப்பு வார்டு நாளுக்கு 3 ரிங்கிட். தனியார் டாக்டரின் கடிதத்தோடு நிபுணரைப் பார்க்க முதல் தடவை 30 ரிங்கிட், அப்புறம் 5. காத்திருக்கத்தான் வேண்டும், மாதக்கணக்கில்கூட. ஆனால் அறுவை அதே அறுவைதான். வலியோடு காய்ச்சலோ கண் மஞ்சளோ வந்தால் மட்டும் தேதி பார்க்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

புகாரை முதலில் மருத்துவமனைக்கே எழுத்தில் கொடுங்கள். புகார் கேட்கும் ஏற்பாடு வைத்திருக்கத் தனியார் மருத்துவமனைகளுக்கான 1998 ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைக் கட்டாயப்படுத்துகிறது. பதில் சரியில்லை என்றால் மாநில சுகாதார இலாகாவின் தனியார் மருத்துவக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்குப் போங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்தோடு தகராறு என்றால், அவர்களின் இறுதிப் பதில் கடிதம் வந்த 6 மாதத்துக்குள் எஃப்.எம்.ஓ.எஸ். என்ற நிதிச் சந்தை ஒம்பட்ஸ்மன் சேவைக்குப் போக வேண்டும். மேலே சொன்ன குடும்பத்திடம் கவுண்டரில் பேசியதற்கு எழுத்து எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்ட பாரம் மட்டும் மருத்துவமனையிடம் இருக்கிறது.